ஓசி டிக்கெட், கூடவே ஒரு குடை

சுதேசிக் கப்பலின் கட்டணப் போர், 1906–1911: டிக்கெட் வாங்கியவர்கள் பக்கமிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

சின்ன வயதில் வ.உ.சி. கதையைக் கேட்டபோது செக்கைவிட எனக்கு அந்தக் குடைதான் மனதில் நின்றது. சுதேசிக் கப்பலை ஒழிக்க வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்தது, பிறகு ஓசியாகவே ஏற்றிக்கொண்டது, அதுவும் போதாதென்று ஏறுகிறவர்களுக்கு ஆளுக்கொரு குடை கொடுத்தது என்று வாத்தியார் சொன்னார். வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "அப்போ அந்தக் கப்பல்ல போனவங்கல்லாம் துரோகியா சார்?" என்று கேட்டான். சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உட்காருடா" என்றார்.

அந்தப் பையனின் கேள்விதான் இந்தக் கட்டுரை. நுகர்வோரின் பொறுப்பு என்று பேச ஆரம்பித்தால் ரசீது கேட்டு வாங்கு, காலாவதித் தேதியைப் பார், எடையைச் சரிபார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதெல்லாம் வேண்டியதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கம்பெனி பிழைப்பதும் சாவதும் டிக்கெட் வாங்குகிறவர் கையில் வந்து நின்ற ஒரு சந்தர்ப்பம் நம் கடற்கரையிலேயே நடந்திருக்கிறது. அதை வ.உ.சி.யின் தியாகக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டதால், வரிசையில் நின்ற பயணியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கம்பெனி பிறந்த கதை

வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது 1905 அக்டோபர் 16 அன்று. அந்நியத் துணியை வாங்காதே, உள்நாட்டுத் துணியை வாங்கு என்ற இயக்கம் அதை எதிர்த்துத்தான் பெரிதானது. சரியாக ஒரு வருடம் கழித்து, 1906 அக்டோபர் 16 அன்று, தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் என 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை எடுத்தார். அதாவது 2 லட்சம் ரூபாய். ஓடியாடி வேலை பார்த்த வக்கீல் சிதம்பரம் பிள்ளையின் பதவி உதவிச் செயலாளர். கம்பெனிப் பதவிகளைப் பார்த்து யார் உண்மையில் வேலை செய்கிறார் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இது பழைய உதாரணம்.

எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. 1856இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே கப்பல் விடத் தொடங்கி, 1862இல் இந்தப் பெயருக்கு மாறியது. இந்தியப் பெருங்கடல் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அதற்கு இருந்தன. தூத்துக்குடி–கொழும்பு என்பது அதன் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி.

சுதேசிக் கம்பெனியிடம் முதலில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கொடுத்த நெருக்கடியில் அந்த வாடகை நின்றுபோனது. கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்துச் சமாளித்துவிட்டு, வ.உ.சி. பம்பாய்க்குப் போய் எஸ்.எஸ். காலியா என்ற கப்பலை வாங்கினார். பின்னாலேயே எஸ்.எஸ். லாவோவும் வந்தது. 1907இல் இரண்டும் தூத்துக்குடிக்கு முன்னால் நங்கூரம் போட்டபோது ஊரே கரையில் நின்றது. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். 4,000 மூட்டை சரக்கும் ஏற்றலாம்.

அந்த 1,300 பேரை நினைவில் வையுங்கள். கதை அவர்களைப் பற்றியது.

கரையிலிருந்து கப்பல் வரை

அன்றைய தூத்துக்குடி இன்றைய துறைமுகம் அல்ல. கரையோரம் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளிக் கடலிலேயே நிற்கும். சரக்கும் ஆட்களும் தோணியிலும் சின்னப் படகிலும் ஏறி அங்கே போக வேண்டும். தனுஷ்கோடி–தலைமன்னார் வழி 1914இல்தான் திறந்தது. அதற்கு முன் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகிறவர் ரயிலில் தூத்துக்குடி வரை வந்து, இறங்கி, படகேறி, கப்பலேற வேண்டும். ஓர் இரவுப் பயணம். விடிந்தால் கொழும்பு.

யார் போனார்கள்? கொழும்புக் கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் கடை வைத்திருந்தவர்கள், அரிசியும் மிளகாயும் கருவாடும் ஏற்றி அனுப்பிய வியாபாரிகள், கணக்கப்பிள்ளைகள். இவர்களையெல்லாம் விட அதிகமாக, மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன குடும்பங்கள். மூட்டை முடிச்சு, கைக்குழந்தை, ஒரு பானை, ஒரு பாய். இவர்கள் எல்லோரையும் "பயணிகள்" என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டு, இவர்களுக்குத் தேசப்பற்று இருந்ததா இல்லையா என்று கேட்பதில்தான் முதல் தவறு ஆரம்பிக்கிறது.

எட்டணாக் கணக்கு

போட்டி சூடானதும் வெள்ளைக்காரக் கம்பெனி தலைக்கு ஒரு ரூபாய் என்று குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. பதிலுக்கு அவர்கள் காசே வேண்டாம் என்றார்கள், குடையும் நீட்டினார்கள். (ஓசி என்ற சொல்லே, தபால் செலவில்லாமல் போன கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதங்களின் மேல் இருந்த ஆங்கில எழுத்துகளிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அது உண்மையென்றால், கம்பெனி நமக்கு ஓசியாகக் கொடுத்த ஒரே பொருள் அந்தச் சொல்தான்.)

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். பதினாறு அணா ஒரு ரூபாய். சாதாரண வகுப்பில் 1,300 பேரும் நிரம்பி ஆளுக்கு எட்டணா கொடுத்தால் ஒரு நடைக்கு வசூல் 650 ரூபாய். பாதிதான் நிரம்பியது என்றால் 325. இதிலிருந்துதான் நிலக்கரி, மாலுமிகள் சம்பளம், துறைமுகக் கூலி, கப்பல் வாங்கிய பணத்துக்குப் பங்குதாரர் எதிர்பார்க்கும் லாபம் எல்லாம் வர வேண்டும். எதிர்க் கம்பெனி 1,300 பேரை ஓசியில் ஏற்றினால் அதற்கு நஷ்டம், பழைய ஒரு ரூபாய்க் கணக்கில், 1,300 ரூபாய். ரங்கூன் போகும் கப்பலிலோ பம்பாய் போகும் கப்பலிலோ அதை எடுத்துவிடலாம். இரண்டே கப்பலும் ஒரே வழியும் வைத்திருந்தவர்களுக்கு அப்படி எடுக்க வேறு இடம் இல்லை.

ஆகவே வெள்ளைக்காரக் கம்பெனியின் ஓசி டிக்கெட் பயணிக்குக் கொடுத்த பரிசல்ல, போட்டிக்காரனை அடக்கம் செய்ய ஆகும் செலவு. அந்தச் செலவைப் பின்னால் யாரிடம் வசூலிப்பார்கள் என்பதிலும் ரகசியம் இல்லை. அதே பயணியிடம்தான்.

இன்னொரு கணக்கு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஒரு பங்கு 25 ரூபாய். ஒரு நடைக்கு எட்டணா மிச்சம் என்று வைத்தால் 25 ரூபாய்க்கு 50 நடை. சுதேசிக் கம்பெனியில் ஒரு பங்கு வாங்கிய சின்ன வியாபாரி ஒருவர், எதிர்க் கப்பலில் ஓசியில் போக ஆரம்பிக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். கம்பெனி மூழ்கினால் அவர் இழக்கும் பணத்தை மீட்க அவர் ஐம்பது தடவை ஓசியில் போயிருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை கொழும்புக்குப் போய்வந்தாலும், போக ஒன்று வர ஒன்று என்று இரண்டு நடை, இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஓசி நீடிக்குமா? போட்டிக் கப்பல் மறைந்த மறுநாளே நின்றுவிடும். பங்குதாரரே பயணியாக இருக்கும் இடத்தில் குடை நஷ்டக் கணக்கு. பங்கு இல்லாதவருக்கு அது லாபக் கணக்கு. ஒரே டிக்கெட், ஆளுக்கு ஆள் விலை வேறு.

மக்கள் என்ன செய்தார்கள்?

இந்த இடத்தில் கதை சொல்பவர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஓசிப் பயணத்தையும் குடையையும் மக்கள் உதறித் தள்ளிவிட்டுக் காசு கொடுத்தே சுதேசிக் கப்பலில் போனார்கள் என்பது ஒரு கட்சி. சுதேசிக் கப்பல்கள் ஏறக்குறையக் காலியாக ஓடின, அதனால்தான் கம்பெனி நொடித்தது என்பது இன்னொரு கட்சி.

என் கணிப்பில் இரண்டும் நடந்திருக்கும். 1907இல் கப்பல் வந்த சூட்டில் ஊரே ஒரு பக்கம் நின்றிருக்கும். மாதங்கள் போகப் போக வீட்டில் அரிசிப் பானை பேச ஆரம்பித்திருக்கும். கூலிக்காரரின் நாள் சம்பளமே சில அணாக்களாக இருந்த காலத்தில் எட்டணா என்பது சில நாள் வேலை. உணர்ச்சியை நம்பி ஒரு தடவை டிக்கெட் விற்கலாம், நாலு தடவை விற்கலாம். ஒவ்வொரு நடைக்கும் அதே ஆளிடம் அதே தியாகத்தைப் புதிதாகக் கேட்க முடியாது. ஓர் ஆள் தினமும் எடுக்க வேண்டிய முடிவு ஒருநாள் சோர்ந்துவிடும்.

வங்காளத்தில் இதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே ஒரு ஒத்திகை நடந்திருந்தது. ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் பாரிசால் பக்கம் ஆற்றில் நீராவிப் படகு விட்டார். எதிரில் ஃபுளோட்டிலா என்ற வெள்ளைக்காரக் கம்பெனி. போட்டி முற்றிக் கட்டணமே மறைந்துபோனது, பயணிகளுக்குச் சின்னச் சின்னப் பொருள்கள் வேறு கொடுக்க வேண்டியதாயிற்று. உள்ளூர் இளைஞர்கள் படித்துறையில் நின்று, நம்மவர் படகில் ஏறுங்கள் என்று மன்றாடி ஆட்களைத் திருப்பினார்கள். ஆட்கள் ஏறினார்கள். கட்டணம்தான் இல்லையே, ஏற ஏற நஷ்டம் பெருகியது. தம்பி பின்னால் இதைக் கிண்டலாக எழுதிவைத்தார். வாடிக்கையாளரின் அன்பு இருந்தும் கடை மூழ்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

டிக்கெட் வாங்குகிறவர் ஒருவர், ஏறுகிறவர் இன்னொருவர்

இனி அந்தக் கூலிக் குடும்பத்துக்கு வருவோம். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவர் கங்காணி. ஊரில் முன்பணம் கொடுப்பார், வழிச் செலவைப் பார்த்துக்கொள்வார், கப்பல் டிக்கெட்டையும் எடுப்பார். இதெல்லாம் கூலியின் பெயரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், பாக்கி எவ்வளவு என்று எழுதிய சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டுதான் போக முடியும். அதற்குப் பெயர் "துண்டு". இலங்கையில் 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது.

இந்த ஏற்பாட்டில் கப்பலைத் தேர்ந்தெடுப்பது யார்? கங்காணி. ஓசி டிக்கெட்டின் லாபம் யாருக்கு? கங்காணி நேர்மையானவராக இருந்தால் கூலியின் கடனில் எட்டணா குறையும். இல்லாவிட்டால் கூலியின் கணக்கில் டிக்கெட் செலவு ஏறியே இருக்கும், எட்டணா கங்காணி மடியில் இருக்கும். குடையும் யார் கைக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, 1,300 பேர் ஏறும் தளத்தில் பெரும்பாலோர் பயணிகளே தவிர, பொருளாதாரம் சொல்லும் பொருளில் நுகர்வோர் அல்ல. தேர்வு செய்யும் உரிமை கையில் இருந்தால்தானே தப்பாகத் தேர்வு செய்தான் என்று சொல்ல முடியும்? அவர்களைத் துரோகி என்பது, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவரைப் பார்த்து ஏன் இந்தக் கடை எண்ணெயில் பொரித்த அப்பளத்தைச் சாப்பிட்டாய் என்று கேட்பது மாதிரி.

இன்றும் இப்படித்தான். பள்ளிக்கூடம் சொல்லும் கடையில்தான் சீருடை, மருத்துவர் எழுதும் கம்பெனி மாத்திரைதான். பணம் கொடுப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர். நுகர்வோர் பொறுப்பு பற்றிய உபதேசம் மட்டும் பணம் கொடுப்பவருக்கு.

மூட்டைக்காரர்கள்

உண்மையில் தேர்வு செய்யும் பலம் இருந்தது சரக்கு அனுப்பிய வியாபாரிகளிடம். வருடம் முழுக்க, வாரா வாரம், நூற்றுக்கணக்கில் மூட்டை அனுப்புகிறவர் ஒரே கையெழுத்தில் ஒரு கப்பலை நிறுத்தலாம், ஓட்டலாம். கம்பெனி பதிவானதிலேயே தூத்துக்குடி வியாபாரிகளுக்குப் பெரிய பங்கு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நெருக்கடி அதிகமாகத் தெரிந்ததும் இவர்கள் மட்டத்தில்தான். துறைமுகமும் சுங்கமும் சுகாதாரப் பரிசோதனையும் யார் கையில் இருந்தனவோ அவர்களைப் பகைத்துக்கொண்டு எத்தனை நாள் வியாபாரம் செய்ய முடியும்?

பணக்கார வாடிக்கையாளர் குடைக்கு மயங்க மாட்டார் என்று நினைத்தால் அது தப்பு. 1893இல் ஜாம்ஷெட்ஜி டாடா பம்பாய் நூலை ஜப்பானுக்கும் சீனாவுக்கும் கொண்டுபோக, ஜப்பானின் நிப்பான் யூசென் கம்பெனியோடு சேர்ந்து சொந்தக் கப்பல் வரிசை ஆரம்பித்தார். பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியின் கூட்டணி அப்போது டன்னுக்கு 19 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தது. டாடா 12 ரூபாய் என்றதும் அவர்கள் ஒன்றரை ரூபாய்க்கு இறங்கினார்கள். டாடாவின் சக மில் முதலாளிகள் என்ன செய்தார்கள்? ஒன்றரை ரூபாய்க் கப்பலில் ஏற்றினார்கள். கொஞ்ச நாளில் டாடாவின் கப்பல்கள் நின்றன, சரக்குக் கட்டணம் மறுபடி மேலே ஏறியது. இவர்கள் கூலிக்காரர்கள் அல்ல. மாளிகையில் இருந்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள், அடுத்த வருடக் கட்டணம் எங்கே போகும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள். ஆனாலும் ஒவ்வொருவரும், மற்றவன் ஒன்றரை ரூபாய்க்கு அனுப்பும்போது நான் மட்டும் ஏன் பன்னிரண்டு கொடுக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

அந்த வாக்கியத்தில்தான் முடிச்சு இருக்கிறது. தனியாக நின்று பார்த்தால் அது நியாயமான வாக்கியம். எல்லோரும் அதையே சொன்னால் எல்லோருக்கும் நஷ்டம். இதைப் பேராசை என்று திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. மற்றவனும் பன்னிரண்டு கொடுப்பான் என்ற உறுதி இருந்தால் பலர் கொடுத்திருப்பார்கள். அந்த உறுதியை உண்டாக்க ஒரு சங்கமோ ஒப்பந்தமோ வேண்டும், பேச்சு போதாது.

பாதிச் சவரம்

அப்படி ஓர் உறுதி தூத்துக்குடியில் சில நாட்களுக்கு உண்மையிலேயே இருந்தது. கப்பல் விஷயத்தில் இல்லை, வெள்ளைக்காரர்கள் நடத்திய கோரல் நூல் மில்லின் வேலைநிறுத்தத்தில். 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். சம்பள உயர்வு, வார விடுமுறை என்று கோரிக்கைகள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். ஊர் அவர்களோடு நின்ற விதம்தான் கவனிக்க வேண்டியது. வெள்ளைக்காரர்களுக்கும் அவர்களை ஆதரித்தவர்களுக்கும் சலவைத் தொழிலாளிகள் துணி வெளுக்கவில்லை, வண்டிக்காரர்கள் வண்டி ஓட்டவில்லை.

ஒரு வக்கீலின் கதை பிரசித்தம். சவரம் செய்ய உட்கார்ந்தவர், வேலைநிறுத்தத்துக்கு எதிராக ஏதோ பேசிவிட்டார். சவரத் தொழிலாளி பாதியில் கத்தியை மடித்து வைத்துவிட்டார். கெஞ்சியும் பயனில்லை. ஊரில் வேறு யாரும் மீதியைச் செய்ய முன்வரவில்லை. பாதி முகத்தோடு ரயிலேறித் திருநெல்வேலி போய் முடித்துக்கொண்டு வந்தார் என்பார்கள்.

இங்கே காசு கொடுக்கத் தயாராக இருந்தவர் வக்கீல், மறுத்தவர் சேவை செய்கிறவர். புறக்கணிப்பு என்றால் வாங்குகிறவர் மட்டும் செய்வது என்று நினைக்கிறோம், இது மறுபக்கம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த வக்கீல் அடுத்த தெருவுக்குப் போயும் அங்கேயும் மறுத்தார்களே, அதுதான். முதல் தொழிலாளிக்கு ஒரு சவரக் கூலி போனது உண்மை. ஆனால் அந்தக் கூலி பக்கத்துக் கடைக்காரருக்குப் போகவில்லை. தான் விட்டது வீணாகவில்லை என்று அவருக்குத் தெரியும். ஒன்பது பத்து நாளில் மில் நிர்வாகம் இறங்கி வந்தது. கொழும்புக் கப்பலில் ஏறியவருக்கு அந்த உறுதி ஒருநாளும் கிடைக்கவில்லை. எட்டணா கொடுத்துச் சுதேசிக் கப்பலில் போனவர், எதிர்க் கப்பல் நிறைந்து போவதைத் தோணியில் உட்கார்ந்தபடியே பார்த்திருப்பார்.

முடிவு வந்த விதம்

1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது என்றாலும் அவர் வெளியே வர 1912 முடிந்துகொண்டிருந்தது. ஓடியாடியவர் உள்ளே போனதும் கம்பெனி தள்ளாடியது. அவருடைய அரசியல் கம்பெனிக்கு ஆபத்து என்று முன்பே உள்ளுக்குள் முணுமுணுப்பு இருந்தது. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இதில் பயணியின் பங்கு எவ்வளவு? என் கணக்கில் கொஞ்சம்தான். முதலில் அரசாங்கம், அடுத்து ஆழமான பை வைத்திருந்த போட்டிக்காரன், அதற்கடுத்துப் பெரிய சரக்கு அனுப்பியவர்கள், பங்குதாரர்கள், பிறகு கங்காணிகள். கடைசியில்தான் பாயும் பானையுமாக ஏறியவர். பொறுப்பை அளக்கும்போது கையில் எவ்வளவு தேர்வு இருந்தது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். நாமோ தலைகீழாக அளக்கிறோம். நூறு பங்கு வைத்திருந்தவர் என்ன செய்தார் என்று கேட்பதற்கு முன்னால், எட்டணா இல்லாதவர் குடையை வாங்கினாரா என்று கேட்கிறோம்.

சட்டம் என்ன செய்திருக்கலாம் என்ற கேள்வி அன்றைக்கு இல்லை, அரசாங்கமே எதிர்க் கட்சி. இன்றைக்கு 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இருக்கிறது. அதன் 4ஆம் பிரிவின்படி, போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தில் அடக்க விலைக்கும் கீழே விற்கக் கூடாது. ஆனால் ஒரு நிபந்தனை: அப்படி விற்பவர் சந்தையில் ஏற்கெனவே ஆதிக்க நிலையில் இருக்க வேண்டும். தூத்துக்குடிக் கடலில் வெள்ளைக்காரக் கம்பெனி அப்படித்தான் இருந்தது, இந்தச் சட்டத்தில் மாட்டியிருக்கும். பணம் நிறைய வைத்துக்கொண்டு புதிதாக நுழைகிறவர் மாட்ட மாட்டார்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2017 மார்ச் கடைசி வரை இலவசம். நானும் வரிசையில் நின்று, கைரேகை வைத்து, சிம் வாங்கினேன். குடை எனக்கும் பிடித்திருந்தது, மறைப்பானேன். ஏர்டெல் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2017 ஜூனில் ஆணையம், புதிதாக வந்த ஜியோ ஆதிக்க நிலையில் இல்லை என்று சொல்லிப் புகாரைத் தள்ளியது. அதற்கு முன் ஒரு ஜி.பி. டேட்டா 200 ரூபாயைத் தாண்டி விற்றது. அப்புறம் பத்து ரூபாய் அளவுக்கு வந்தது. இது சின்ன விஷயம் இல்லை, கிராமத்துப் பிள்ளைகள் கையில் இணையம் வந்தது இதனால்தான். அதேசமயம் பத்துக்கும் மேல் இருந்த கம்பெனிகள் மறைந்து, தனியாரில் மூன்றும் பி.எஸ்.என்.எல்.லும் மிஞ்சின. 2019 டிசம்பர், 2021 கடைசி, 2024 ஜூலை என்று கட்டணம் படிப்படியாக ஏறியது. ஒவ்வொரு தடவையும் மற்றக் கம்பெனிக்கு மாறலாமா என்று பார்த்தால் அங்கேயும் ஏறக்குறைய அதே நாளில் அதே அளவு ஏற்றம். ஆக, ஓசி எப்போதும் கெடுதல் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. கடைசியில் எத்தனை கடை திறந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி மளிகைக் கடை இருக்கிறது. பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஆப்கள் வந்த பிறகு அவரிடம் நான் வாங்குவது குறைந்துவிட்டது. ஒருநாள் கறிவேப்பிலைக்குப் போனேன். "என்ன தம்பி, கொசுறு மட்டும் இங்க, சாமான் எல்லாம் அங்கயா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆப்பில் துவரம்பருப்பு கிலோவுக்கு 18 ரூபாய் கம்மி என்றேன். "எங்களுக்கு மொத்த விலையே அதவிடக் கூடத் தம்பி" என்றார். அப்புறம் கறிவேப்பிலைக்குக் காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து மாதச் சாமானில் பாதியை அவரிடம் வாங்குகிறேன். மீதிப் பாதி இன்னும் ஆப்பில்தான். பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து இவரிடமே வாங்குவோம் என்று பேசி வைத்திருந்தால் முழுசும் மாறியிருப்பேனோ என்னவோ. யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

1914இல் தனுஷ்கோடி வழி திறந்ததும் சென்னை ரயில் பயணிகள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அதே வருடம் வெள்ளைக்காரக் கம்பெனியும் பி அண்ட் ஓவுடன் இணைந்தது. இந்தியர்கள் மறுபடி பெரிய அளவில் கப்பல் விட்டது 1919இல், சிந்தியா கம்பெனி. அவர்கள் மேலும் இதே கட்டணப் போர் பாய்ந்தது. கையில் பணம் கொஞ்சம் அதிகம் இருந்ததால் தாக்குப்பிடித்தார்கள்.

தூத்துக்குடி–கொழும்பு வழியில் பயணிகள் கப்பல் பல காலம் நின்றுபோய், 2011 ஜூனில் மறுபடி ஓடியது. ஸ்கோசியா பிரின்ஸ் என்று பெயர், ஆயிரம் பேருக்கு மேல் போகலாம். சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டுச் சரியாக நூறு வருடம். இந்தத் தடவை எதிரில் நின்று ஓசி டிக்கெட் கொடுக்க ஆளில்லை. இரு அரசுகளும் வாழ்த்தித்தான் அனுப்பின. நவம்பரில் கப்பல் நின்றுவிட்டது. விமானத்தில் போய்ப் பழகியவர்கள் அதிலேயே போனார்கள்.